இல்லை என்று சொன்ன சுன்னாகத்துக் கணினிகள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது நான் வென்ற கதை. ஓய்வு பெற்றவர்கள் எழுத வந்தால் தாங்கள் சறுக்கின இடத்தைச் சொல்லி, கடைசியில் கொஞ்சம் பணிவு காட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அந்தப் பணிவெல்லாம் வராது. ஒரு ஆயுள் முழுக்கக் கணினிகளைத் திறந்து, தூசு தட்டி, அதிகாரிமாரின் ஏச்சுக் கேட்டு, திருப்பி ஏசி வந்தவள் நான். "ராணி அக்கா வாறா, ஆரும் வாய் திறக்காதேங்கோ" என்று எங்கள் பராமரிப்புப் பிரிவில் சொல்லுவார்களாம். சொல்லட்டும். வேலை நடந்ததா இல்லையா?

நான் சொல்லப்போவது வேலையை விட்ட பிறகு நடந்தது. சம்பளமும் இல்லை, அதிகாரமும் இல்லை, ஆனால் தலைக்கு மேல் வெள்ளம். அந்த மாதிரி நேரத்தில்தான் ஒருவருக்குத் தொழில் தெரியுமா என்று தெரியவரும்.

நஸ்ரின் என்றொரு பிள்ளை. சுன்னாகத்துக்குப் பக்கத்துக் கிராமத்துச் சனசமூக நிலையத்தில் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குடும்பம் யாழ்ப்பாணத்துப் பட்டினத்து முஸ்லிம் குடும்பம். தொண்ணூறில் வடக்கிலிருந்த மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து அவர்களையும் புலிகள் வெளியேற்றினார்கள். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் புத்தளத்தில். தகப்பன் மட்டும் திரும்பி வந்து பட்டினத்தில் ஒரு சின்னக் கடை போட்டிருந்தார். தாயும் தங்கச்சியும் புத்தளத்திலேயே. கடை வருமானம் ஒருவருக்கே காணாது. நஸ்ரினுக்கு நிரந்தரமாக ஒரு வேலை அமைந்தால் குடும்பம் முழுக்க ஊருக்கு வரும். அமையாவிட்டால் அந்த மாத முடிவோடு கடையைப் பூட்டிவிட்டுத் தகப்பனும் மகளும் புத்தளத்துக்கே போய்விடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

வேலை அமைவதற்கு ஒரு வழி வந்தது. கொழும்புக் கம்பனி ஒன்று, "உங்கள் வகுப்பை எங்கள் பயிற்சி நிலையமாக எடுக்கிறோம், நஸ்ரின்தான் பொறுப்பு, படித்து முடிக்கிற பிள்ளைகளில் திறமானவர்களுக்கு வேலையும் தருவோம்" என்றது. ஒரேயொரு நிபந்தனை. அங்கே இருக்கிற கணினிகளில் மெய்நிகராக்கம் ஓட வேண்டும். அதாவது ஒரு கணினிக்குள்ளேயே இன்னும் இரண்டு மூன்று கணினிகள் இருப்பது போல உண்டாக்கி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, உடைத்து, திருத்திப் பழக வேண்டும். அதற்குக் கணினியின் மூளையாகிய புரொசசர் இடம் கொடுக்க வேண்டும். சில புரொசசர்கள் கொடுக்கும், சில கொடுக்காது.

நிலையத்தில் இருந்தவை ஜேர்மனியிலிருந்து வந்தவை. அங்கே எங்கள் ஊர் ஆட்கள் வேலை செய்கிற அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட பத்துப் பன்னிரண்டு கணினிகளை, ஊர்ச் சங்கம் சேர்த்து, கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தது. நிலையத் தலைவர் கதிரவேலு அண்ணை ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துத்தான் மேசையில் இருத்தினார். வெங்காயமும் புகையிலையும் செய்கிற மனிதர். தன்னுடைய தோட்டத்து இறைப்பு மெஷினுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை இவற்றுக்கும்.

கணினியில் எது வந்தாலும் என்னைத்தான் கேட்கிறவள் நஸ்ரின். ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் போன் அடித்தாள்.

"அக்கா, பட்டினத்திலை இருந்து ஒரு கொம்பியூட்டர்க் கடைக்காரர் வந்து எல்லாத்தையும் செக் பண்ணினவர். ஒண்டும் சப்போர்ட் பண்ணாதாம். தலைவரிட்டை, இதுகளைத் தாங்கோ, நான் ரெண்டுக்கு ஒண்டு புதுசு தாறன் எண்டு கேக்கிறார். திங்கட்கிழமை கம்பனி ஆக்கள் வருகினம்."

"அவன் சொன்னானோ, மெஷின் சொன்னதோ?"

"ஒரு சின்னப் புரோகிராம் போட்டுப் பாத்தவர். எல்லாத்திலையும் இல்லை எண்டு சிவப்புப் புள்ளடி."

"புள்ளடி போடுறது லேசு. நான் வாறன்" என்றேன்.

கதிரவேலு அண்ணை வாசலிலேயே நின்றார். பக்கத்தில் அந்தக் கடைக்காரப் பெடியன். நல்ல சேட்டு, சப்பாத்து, கையில் ஒரு டப்லெட்.

"ராணி, நீர் வந்தது நல்லது. உவர் சொல்லுறார் உதுகள் எல்லாம் சரிவராதாம். கப்பல்லை வந்த சாமான், எனக்கு மனசு கேக்குதில்லை. ஆனா சரிவராததை வைச்சு என்ன செய்யிறது?"

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. பாத்திட்டுச் சொல்லுறன்."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். அந்தச் சின்னப் புரோகிராம் பொய் சொல்லவில்லை. இப்போது இந்தக் கணினியில் மெய்நிகராக்கம் ஓடுமா என்று கேட்டால் ஓடாது என்றுதான் சொல்லும், அது அந்த நேரத்து உண்மை. ஆனால் ஏன் ஓடாது என்று அது சொல்லாது. புரொசசரிலேயே அந்த வசதி இல்லாமலும் இருக்கலாம். வசதி இருந்தும் யாரோ உள்ளே நிறுத்தி வைத்திருக்கலாம். பாதுகாப்பு என்று சொல்லி, செய்கிற கம்பனியே அதை நிறுத்தித்தான் அனுப்பும். இரண்டுக்கும் ஒரே சிவப்புப் புள்ளடி. இல்லாத ஒன்றுக்கும் நிறுத்தி வைத்திருக்கிற ஒன்றுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாதவன் கையில் திருகாணிச் சாவியைக் கொடுக்கக் கூடாது.

நான் புள்ளடியைப் பார்க்கவே இல்லை. புரொசசரின் பெயரையும் இலக்கத்தையும் எடுத்தேன். அதைச் செய்த கம்பனியின் பக்கத்தில் தேடினேன். மெய்நிகராக்கம் என்ற வரிக்கு நேரே ஓம், இருக்கிறது என்று கிடந்தது.

"நஸ்ரின், இஞ்சை வந்து இதை வாசியும். கொஞ்சம் சத்தமா, வாசலிலை நிக்கிற ஆக்களுக்கும் கேக்கட்டும்."

அவள் வாசித்தாள். கடைக்காரப் பெடியன் உள்ளே வந்தான்.

"அன்ரி, அது பேப்பரிலை இருக்கும். பயொஸ் எல்லாம் ஜேர்மன் பாஷை. உதுக்குள்ளை போய்க் கை வைச்சால் மெஷின் முடிஞ்சுது. பிறகு எழும்பாது."

அங்கேதான் விஷயம். கணினி எழும்புகிற நேரத்தில், விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே போய்ப் பார்க்கிற பயொஸ் என்ற அமைப்புப் பக்கம் ஒன்று இருக்கிறது அல்லவா, அது ஜேர்மன் பாஷையில் கிடந்தது. தம்பி அதைத் திறந்திருக்கிறார், பயந்திருக்கிறார், மூடியிருக்கிறார். பாஷை தெரியவில்லை என்று சொல்ல வெட்கம், அதனால் மெஷினில் பழியைப் போட்டுவிட்டார்.

"அண்ணை, உங்கடை மகள் ஜேர்மனியிலை எல்லோ? ஒருக்கா வட்சப்பிலை எடுங்கோ."

அண்ணையின் மகள் குசினியில் நின்று ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். நஸ்ரின் போனைத் திரைக்கு நேரே பிடித்தாள். அங்கே கரண்டியும் கையுமாக ஒருத்தி, இங்கே நாங்கள் இத்தனை பேர்.

"அன்ரி, கீழை போங்கோ... இன்னும் கீழை... ஓம், அதுதான். அதிலை நிப்பாட்டிக் கிடக்கு எண்டு எழுதியிருக்கு. மேலை இருக்கிறதைத் தெரிவு செய்யுங்கோ. அதுதான் இயங்க விடுறது. அப்பா, நீங்கள் ஏன் தோட்டத்துச் சேத்தோடை மேல் கழுவாமல் நிக்கிறியள்?"

"அதை விடு பிள்ளை, நீ வாசி!" என்றார் அண்ணை.

முதல் கணினி எழும்பிற்று. புரோகிராமை ஓட விட்டோம். பச்சைச் சரி. வகுப்புப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒவ்வொன்றாகப் போனோம். ஒன்றுகூட மறுக்கவில்லை. நஸ்ரின் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் கடைக்காரப் பெடியனைப் பார்த்து, "என்ன தம்பி, எழும்பினதோ?" என்று மட்டும் கேட்டேன். எனக்கு அந்தளவு திருப்தி போதும்.

ஆனால் அவன் லேசான ஆளில்லை. "திங்கட்கிழமை கம்பனி ஆக்கள் வரேக்குள்ளையும் இப்பிடியே இருந்தால் பாப்பம்" என்றான். அண்ணையும், "சரி, திங்கட்கிழமை காலமை லொறியோடை வாரும். வேலை செய்தால் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். செய்யாட்டில் ஏத்திக்கொண்டு போகலாம்" என்று சொல்லிவிட்டார். தலைவர் என்றால் அப்படித்தான், எல்லாப் பக்கமும் வாக்குக் கொடுப்பார்.

சனியும் ஞாயிறும் பேய் மழை. இடி என்றால் வீட்டு ஓடு குலுங்குகிற இடி. நான் போர்த்துக்கொண்டு கிடந்தேன். வென்றுவிட்டோமே என்ற நினைப்பில் நல்ல நித்திரை.

திங்கட்கிழமை காலமை தேத்தண்ணியை வாயில் வைக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"அக்கா..." அவ்வளவுதான் நஸ்ரின் சொன்னாள். பிறகு அழுகை.

"அழாமல் சொல்லும்."

"எல்லாம் திரும்ப இல்லை எண்டுது அக்கா. எல்லாம் சிவப்பு. ஒண்டு மிச்சமில்லை. லொறி வந்து நிக்குது. கம்பனி ஆக்கள் ரெயினாலை இறங்கிட்டினமாம், சாப்பிட்டிட்டு வருகினமாம்."

ஓட்டோவில் போகிற வழியெல்லாம் நானும் தோற்றுவிட்டேனோ என்று நினைத்தேன். அதை ஒளிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பச்சை, திங்கட்கிழமை சிவப்பு. ஒன்று இரண்டு என்றால் அந்தக் கணினியில் கோளாறு என்று சொல்லலாம். எல்லாம் ஒன்றாகப் போனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஏதோ நடந்திருக்க வேண்டும். யோசித்துக்கொண்டே போனேன்.

நிலையத்து முற்றத்தில் லொறி. அண்ணை கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ராணி, வெள்ளிக்கிழமை இருக்கு எண்டனீர். இண்டைக்கு இல்லை எண்டுது. இருக்கிற சாமான் ரெண்டு நாளிலை இல்லாமல் போகுமோ?"

கடைக்காரப் பெடியன் லொறிக் கதவில் சாய்ந்துகொண்டு, "பழைய சிப் அன்ரி. ஒருக்கா ரெண்டு தரம் வேலை செய்யும், பேந்து கை விட்டிடும். நான் அப்பவே சொன்னனான்" என்றான்.

"தம்பி, என்னை அன்ரி எண்டு கூப்பிடுறது பரவாயில்லை. ஆனா என்ரை காதுக்குக் கிட்ட விசர்க்கதை கதையாதை. புரொசசரிலை இருக்கிற வசதி மழைக்குக் கரையாது."

உள்ளே நஸ்ரின் முகத்தைக் கழுவிவிட்டு நின்றாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழுகை நின்றிருந்தது. என் கையைப் பிடித்து மெல்லிய குரலில் சொன்னாள்:

"அக்கா, எப்பிடிப் போடுறது எண்டு எங்களுக்கு இப்ப தெரியும்தானே. பிள்ளையள் ஆளுக்கொண்டா உள்ளுக்குப் போய்த் திரும்பப் போட்டு விடட்டும். அவை வந்து பாத்திட்டுப் போகட்டும். பிறகு என்ன எண்டு ஆறுதலாப் பாப்பம்."

நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கும். உங்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத்தான் செய்வீர்கள். நேரம் இல்லை, ஆட்கள் வருகிறார்கள், லொறி நிற்கிறது. போட்டுவிட்டால் பச்சை வரும், எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமையும் பச்சைதான் வந்தது. ஏன் போனது என்று தெரியாமல் திரும்பப் போட்டால், எப்போது திரும்பப் போகும் என்றும் தெரியாது. கம்பனிக்காரர் கண்ணுக்கு முன்னாலேயே போகலாம். அடுத்த கிழமை போகலாம். அப்போது பழி புரொசசரில் விழாது, நஸ்ரின் தலையில் விழும். பரபரப்பான நேரத்தில் கை தானாக ஓடும், பிள்ளைகளே. அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்து வைத்திருக்கத் தெரிய வேண்டும்.

"மாட்டன்" என்றேன். "முதலிலை ஏன் எண்டு கண்டுபிடிப்பம். எல்லாரும் மெஷினைப் போடுங்கோ. போட்டிட்டு ஒண்டிலையும் கை வையாதேங்கோ. நான் பாக்க வேணும்."

எல்லாத் திரையும் எழும்பின. நான் கையைக் கட்டிக்கொண்டு வரிசைக்கு நடுவில் நடந்தேன். எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. கடைசி வரிசையில் இருந்த பெட்டையிடம், "இப்ப நேரம் என்ன?" என்று சும்மா கேட்டேன். கம்பனிக்காரர் வர எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று அறியத்தான். அவள் கை மணிக்கூட்டைப் பார்க்காமல் திரையின் மூலையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மிஸ், இதிலை நடுச்சாமம் தாண்டிக் கிடக்கு. வருஷமும் பிழை. நான் பள்ளிக்கூடம் போக முந்தின வருஷம் கிடக்கு."

"மற்ற ஆக்களின்ரை?"

"எங்கடையும் அப்பிடித்தான் மிஸ்!"

எனக்கு உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது. பிடித்துவிட்டேன். எத்தனை வருஷம் போனாலும் அந்தச் சிலிர்ப்புக்காகவே இந்தத் தொழிலைச் செய்யலாம்.

"ஆர் இதுகளின்ரை பிளக்கைக் கழட்டினது?" என்று கத்தினேன்.

வாசலில் நின்ற கதிரவேலு அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"நான்தான். வேறை ஆர்? சனிக்கிழமை இடி முழங்கத் தொடங்கவே குடையையும் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தனான். எல்லாப் பிளக்கையும் ஒண்டு விடாமல் கழட்டி, இண்டைக்கு விடியத்தான் திரும்பக் கொழுவினனான். போன மாரிக்கு மின்னல் அடிச்சு எங்கடை வீட்டு ரீவி புகைஞ்சு போச்சு. கப்பல்லை வந்த சாமானை விடுவனே?"

"இன்ரநெற் பெட்டியையுமோ அண்ணை?"

"அதையும்தான். அதைக் கழட்டிச் சொப்பிங் பையிலை போட்டு வீட்டை கொண்டு போய், சாமியறைக்குள்ளை வைச்சிருக்கிறன். பத்திரமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நஸ்ரின் நான் விசராகிவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

இது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை. மாரி காலத்தில் வானம் உறுமினால், யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் ஒரு பிளக் சுவரில் இருக்காது. ரீவி, பிரிட்ஜ், போன் சார்ஜர், எல்லாம் கழன்று கிடக்கும். அதில் பிழையும் இல்லை. ஆனால் அண்ணையின் பாசம் இங்கே என்ன செய்தது என்று கேளுங்கள். ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் வட்டமான சின்னப் பற்றறி ஒன்று இருக்கிறது. பிளக்கைக் கழட்டினாலும் நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்கச் செய்வது அதுதான். ஜேர்மன் அலுவலகத்தில் வருஷக்கணக்காக இருந்து, கப்பலில் வந்து, இந்தக் கணினிகளின் பற்றறிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. சுவரில் பிளக் இருக்கும்வரை ஒருவருக்கும் தெரியவில்லை. கழட்டினதும் நாங்கள் வெள்ளிக்கிழமை போட்டதெல்லாம் மறந்து, பழையபடி நிறுத்தின நிலைக்கே போய்விட்டன. வழக்கமாக இன்ரநெற் வந்ததும் நேரம் தானாகச் சரியாகிவிடும், அதனால் வகுப்பில் யாரும் கவனிக்கவில்லை. இன்றைக்கு இன்ரநெற் பெட்டி சாமியறையில் இருந்ததால்தான் பிழையான நேரம் திரையில் அப்படியே நின்றது. சாமிக்கு நான் அன்றைக்கு நன்றி சொன்னேன்.

ஒரு மூடியைத் திறந்து பற்றறியைக் கையில் எடுத்துக் காட்டி நான் இதைச் சொல்லி முடிக்க அண்ணையின் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப நான்தானே கெடுத்தது?"

"நீங்கள் கெடுக்கேல்லை அண்ணை. நீங்கள் கழட்டியிருக்காட்டில் இது வேறை ஒரு நாள், வேறை ஆக்களுக்கு முன்னாலை நடந்திருக்கும். இப்ப கதைக்க நேரமில்லை. சந்தையடிக்குப் போங்கோ. மணிக்கூடு திருத்திற கடையிலை உந்தப் பற்றறி இருக்கும். இந்தாங்கோ, மாதிரிக்கு இதைக் கொண்டு போங்கோ. காணாட்டில் சின்னத் தராசு விக்கிற கடையிலையும் கேளுங்கோ, அதுக்கும் உதே பற்றறிதான்."

அண்ணை மோட்டார் சைக்கிளை உதைத்தார். அந்த வயதில் அந்த வேகம் கூடாது, ஆனால் அன்றைக்கு ஒருவரும் தடுக்கவில்லை.

கடைக்காரப் பெடியன் இன்னும் வாசலில் நின்றான். ஆனால் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்ரி, நேரத்தைப் பாத்தே பிடிச்சனீங்கள்?"

"ஓம். கையைக் கட்டிக்கொண்டு நிக்காமல் உன்ரை திருகாணிச் சாவியை எடு. மூடியளைக் கழட்டு. அவர் வந்து சேரேக்குள்ளை எல்லாம் திறந்து கிடக்க வேணும்."

ஒரு கணம் யோசித்தான். பிறகு சேட்டுக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தான். சும்மா சொல்லக் கூடாது, கை நல்ல வேகம். அவன் மூடியைக் கழட்ட, பிள்ளைகள் செத்த பற்றறிகளை எடுக்க, அண்ணை மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஒரு கையில் பற்றறிப் பை, மற்றக் கையில் சொப்பிங் பையோடு இன்ரநெற் பெட்டி.

"மணிக்கூட்டுக் கடையிலை பாதிதான் கிடந்தது. தராசுக் கடைக்காரன் மிச்சத்தைத் தந்தவன். ஏனெண்டு கேட்டான், பேந்து சொல்லுறன் எண்டிட்டு ஓடி வந்திட்டன்."

பற்றறி போட்டோம். நேரம் வைத்தோம். அந்த ஜேர்மன் பக்கத்தில் எங்கே போய் எதைத் தொட வேண்டும் என்று பிள்ளைகள் இப்போது பாடமாக வைத்திருந்தார்கள். கடைசி மூடியைத் திருகிக்கொண்டிருக்க வாசலில் வாகனம் வந்து நின்றது.

இரண்டு பேர். ஒருவர் சிங்களவர், அமைதியான மனிதர். மற்றவர் ஒரு தமிழ்ப் பெண், எல்லாவற்றையும் கேள்வி கேட்கிற ரகம். எனக்கு அந்த ரகம் பிடிக்கும், ஆனால் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு திரையாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு கணினிக்குள்ளும் இரண்டு மூன்று கணினிகள் ஓடின. பிள்ளைகள் ஒன்றை உடைத்துக் காட்டினார்கள், திருத்தியும் காட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு அந்தப் பெண் நஸ்ரினைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரி. ஆனா இவை பழைய கணினிகள். இப்ப ஓடுது, நாளைக்கு ஓடும் எண்டு என்ன நிச்சயம்? மாரி தொடங்கிட்டுது, கரண்ட் போய்ப் போய் வரும். நீங்கள் இல்லாத நேரம் நிண்டு போனால் வகுப்பை ஆர் நடத்துறது?"

நான் வாய் திறக்கப் போனேன். பற்றறியைப் பற்றி, பிளக்கைப் பற்றி ஒரு விளக்கம் தயாராகத் தொண்டையில் நின்றது. நஸ்ரின் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே சுவருக்குப் போனாள். மெயின் சுவிச்சைக் கீழே தள்ளினாள்.

எல்லாத் திரையும் ஒன்றாக இருண்டன.

"ஐயோ பிள்ளை!" என்று அண்ணை கத்தினார்.

அவள் நிற்கவில்லை. மேசை மேசையாகப் போய் ஒவ்வொரு பிளக்கையும் சுவரிலிருந்து இழுத்தாள். எல்லாவற்றையும் இழுத்து முடித்துவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

"இடி முழங்கினால் எங்கடை ஊரிலை இப்பிடித்தான் செய்வம் மிஸ். கொஞ்சம் இருங்கோ. ஒரு தேத்தண்ணி குடியுங்கோ. பிறகு பாப்பம்."

புதுப் பற்றறிதான், நாங்களே போட்டதுதான். ஆனாலும் ஒன்று சறுக்கினால் முடிந்தது கதை. கடைக்காரப் பெடியன் என் பக்கத்தில் நின்று விரல்களைப் பின்னிக்கொண்டிருந்தான். அவனும் இப்போது எங்கள் பக்கம்தான். அண்ணை தேத்தண்ணியை எல்லாருக்கும் கொடுத்தார்.

தேத்தண்ணி முடிந்தது. நஸ்ரின் பிளக்குகளைக் கொழுவினாள். சுவிச்சை மேலே தள்ளினாள். பிள்ளைகள் தங்கள் தங்கள் இடத்தில் குந்தினார்கள். திரைகள் ஒவ்வொன்றாக வெளித்தன. நேரம் சரி. புரோகிராம் ஓடியது. பச்சை. அடுத்ததும் பச்சை. கடைசி வரிசைவரை பச்சை. கடைசிப் பெட்டை, "மிஸ், எனக்கும் ஓம்!" என்று கத்தினதும் அந்தச் சிங்களவர்தான் முதலில் கை தட்டினார். பிறகு யார் தட்டினார்கள் யார் தட்டவில்லை என்று எனக்குத் தெரியாது, காது அடைத்துவிட்டது. கடைக்காரப் பெடியன் வாயில் இரண்டு விரலை வைத்துச் சீழ்க்கை அடித்தான். அடுத்த நிமிடம் வெளியே போய் லொறிக்காரனிடம், "அண்ணை, நீங்கள் போங்கோ, ஏத்துறதுக்கு ஒண்டும் இல்லை" என்றான்.

அந்தப் பெண் நஸ்ரினின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நான் கேட்டதுக்கு ஆரும் இப்பிடிப் பதில் சொன்னதில்லை. அடுத்த மாதத்திலை இருந்து தொடங்குவம். பொறுப்பு உங்கடைதான். கடிதம் வரும், ஆனா நான் இப்பவே சொல்லுறன், இது முடிஞ்ச விஷயம்."

பிள்ளைகளே, அந்தக் காலமை நான் கண்டுபிடித்தது எனக்குப் பெருமைதான், ஒளிக்க மாட்டேன். ஆனால் நான் விளக்கம் சொல்ல வாயெடுத்த இடத்தில் அவள் சுவிச்சைத் தள்ளினாளே, அந்தத் துணிவு என்னிடம் இருந்ததில்லை. காரணம் தெரிந்தால்தான் அந்தத் துணிவு வரும். காலமை அவள் கேட்டபடி திரும்பப் போட்டு மட்டும் விட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு அவள் தலையைக் குனிந்திருப்பாள். இதற்கு மேல் உங்களுக்கு நான் என்ன சொல்ல?

ஆட்கள் போன பிறகு அண்ணை சந்தைக்குப் போய் ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்தார். போகிறபோது தராசுக் கடைக்காரனுக்கும் முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். பிள்ளைகள் முற்றத்தில் ஒரே சத்தம். நஸ்ரினைக் காணவில்லை. பார்த்தால் பின் விறாந்தையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் தகப்பனுக்குச் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. இப்போது புத்தளத்துக்கு. அந்தப் பக்கம் தாய் என்ன கேட்டாரோ தெரியாது. எப்போது வருகிறாய், சாமான் கட்டிவிட்டாயா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். நஸ்ரினுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் குரல் உறுதியாக இருந்தது.

"இல்லை உம்மா, நான் வரேல்லை. நீங்க வாங்கோ."